சமணர்மலையில் ஒரு காலைப்பொழுது

சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

விடுப்பில் மதுரை போன இடத்தில் கீழக்குயில்குடி சமணர்மலைக்கு ஏறிவந்தேன். இரண்டு முறை ஏறினேன் என்று சொல்வதே சரி. முதல் முறை நல்ல உச்சிவெயில். அடிவாரத்துத் தாமரைக்குளத்தையும் ஐயனார் கோயிலையும் தாண்டி, பாறையில் வெட்டிய படிகளில் மூச்சிரைக்க ஏறி, சமணச் சிற்பங்கள் உள்ள பேச்சிப்பள்ளம் என்ற இடம் சேர்ந்தால், சிற்பங்கள் தெரிந்தன. எழுத்து ஒன்றும் தெரியவில்லை. வெயில் நேராக அடிக்கும்போது பாறை வெறும் பாறையாகிவிடுகிறது. சாய்வாக விழும்போதுதான் வெட்டிய கோட்டில் நிழல் நின்று எழுத்து மேலே வருகிறது. அதற்காகவே மறுநாள் விடியலில் மறுபடியும் போனேன்.

சுனைக்கு மேலே பாறையில் எட்டுத் திருமேனிகள் வரிசையாக இருக்கின்றன. சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களில் ஒருவரான, பாம்புப்படம் குடைபிடிக்கும் பார்சுவநாதரும், கொடி சுற்றிய சமணத் துறவி பாகுபலியும் அடையாளம் காண எளிது. எல்லாம் ஏறக்குறைய 9, 10ஆம் நூற்றாண்டு வேலை. அடியில், தமிழின் பழைய வரிவடிவமான வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர். அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்தது ஒன்று. துறவு பூண்ட மகனின் பெயரைச் சொல்லித்தான் அந்தத் தாய் தன்னைக் குறித்திருக்கிறார். அங்கே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

இன்னொன்று நமக்கென்றே வெட்டியது போலிருந்தது. சிலர் தங்களை 'வெண்புநாட்டுக் குறண்டி'யைச் சேர்ந்தவர்களாகக் குறித்திருக்கிறார்கள். அந்தக் குறண்டி இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. வேற்றூர் மலையில் சிலை செய்வித்தபோதும் ஊர்ப்பெயரை விடவில்லை! சந்தா கேட்டால் மட்டும் ஊர் மறந்துபோகும் நம் உறுப்பினர்கள் சிலர் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

பேச்சிப்பள்ளத்துக்கு மேலே பாண்டியன் பராந்தக வீரநாராயணன் காலத்துச் சமணப் பள்ளி (வழிபாட்டிடம்) ஒன்றின் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. அதையும் பார்த்துவிடுங்கள். செட்டிப்புடவு என்ற குகை இருப்பது மலையின் மறுபக்கம். அதற்கு வேறு வழி. குகையில் நீண்ட காதுகளோடு அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரை ஊரார் செட்டியார் ஆக்கிவிட்டார்கள், பெயரும் அப்படியே நின்றுவிட்டது.

எழுத்து தெரியவில்லையே என்று சாக்பீஸ் தடவாதீர்கள். தண்ணீரும் ஊற்ற வேண்டாம். கைப்பேசி விளக்கைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் போதும்.

மார்கழியில் வருகிறவர்கள் முன்கூட்டியே எழுதுங்கள். வட்டெழுத்து அட்டவணை ஒன்று கைவசம் இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன்.