புதுப்பிப்பு: சீன மொழி பேசுவோருக்கு ஆங்கில ‘ப்ளே’ கற்பிப்பது

‘ப்ளே’ என்ற ஆங்கில வினையை ‘வான்’ என்ற ஒரே மாண்டரின் (சீனப் பொதுமொழி) சொல்லால் விளக்கிவிடலாம் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அது தவறு, திருத்திக்கொள்ளுங்கள்.

மாண்டரினில் செய்கையைப் பொறுத்து வினை மாறும். கூடைப்பந்தை அடிக்க வேண்டும், ‘தா’. கால்பந்தை உதைக்க வேண்டும், ‘தீ’. பியானோவுக்கு ‘தான்’, வில்லை இழுத்து வாசிக்கும் வயலினுக்கு ‘லா’, புல்லாங்குழலுக்கு ‘ச்சுய்’, அதாவது ஊதுவது. ஆங்கிலத்தில் அத்தனையும் ‘ப்ளே’தான்.

தாய்ச்சி என்ற சீன உடற்பயிற்சிக்கும் ‘தா’ வருவதால் மாணவர்கள் ஆங்கிலத்தில் ‘ப்ளே தாய்ச்சி’ என்பார்கள்; அங்கே ‘டூ’ வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ‘வான்’தான். நண்பர்களோடு ஊர் சுற்றுவதும் அதில் அடங்கும். அதனால் நாற்பது வயதுக்காரரும் ‘ஐ ப்ளேய்ட் வித் மை ஃப்ரெண்ட்ஸ்’ என்பார். கேட்பவருக்குக் குழந்தை விளையாட்டுதான் நினைவுக்கு வரும். ‘ஹங் அவுட்’ என்று மாற்றிச் சொல்லப் பழக்குங்கள்.