மண்ணெண்ணெய்ப் பம்பு: ஜெட்டும் கவர்னர் ஸ்பிறிங்கும் ஒத்துப்போகவில்லை, உதவுங்கள்

விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். இரண்டு அங்குல வாட்டர் பம்பு, பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் 5.5 குதிரைவலு எஞ்சின். மூன்று கிழமைக்கு முன், எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் ஸ்பிறிங் அறுந்தது. பழையது கிடைக்காமல், கராஜில் கொஞ்சம் தடித்த ஒன்றை மாட்டினார்கள். அன்றிலிருந்து எஞ்சின் ஒரே சீராக ஓடாமல் ஏறி இறங்கி உறுமுகிறது, காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்தால் மட்டும் அடங்குகிறது.

காபரேட்டரைக் கழற்றி இரண்டு தரம் கழுவினேன், பிளக் புதிது, எயார் பில்டரும் சுத்தம், இன்டேக் கஸ்கட்டையும் மாற்றியாகிவிட்டது. அப்புறம் காபரேட்டருக்குள் எண்ணெய் போகும் சின்னத் துளையுள்ள ஜெட்டை ஒரு அளவு பெரிதாகப் போட்டேன். உறுமல் குறைந்தது, ஆனால் தண்ணீர் இழுக்கத் தொடங்கினதும் கறுப்புப் புகை, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் விரலில் ஒட்டும் கரி. ஸ்பிறிங்கைக் கவர்னர் லீவரின் உள்துளைக்கு மாற்றினால் வேகம் விழுந்து, கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. கச்சான் பூக்கிற நேரம், மண் வெடிக்கத் தொடங்கிவிட்டது, பார்க்கவே மனம் கேட்கவில்லை.

பழைய ஜெட்டையே திரும்பப் போட்டு மெல்லிய ஸ்பிறிங் தேடுவதா, இல்லை இந்தத் தடித்த ஸ்பிறிங்குக்கு ஏற்ற ஜெட் அளவு ஏதும் இருக்கிறதா?