ஓவர்லோடு பிடிபட்டால் லாரிக்காரன் மட்டும்தான் குற்றவாளியா?

சங்ககிரி டாரஸ்:
வணக்கம். என்னிடம் இரண்டு பத்துச் சக்கர டிப்பர்கள் இருக்கின்றன. போன மாதம் ஒன்று எடை சோதனையில் மாட்டியது. ஆர்சி புத்தகத்தில் வண்டியும் சரக்கும் சேர்த்து 28 டன், மேடையில் 31 டன். அபராதம் 26,000 ரூபாய். அடிப்படை 20,000, மேலே கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. 2019 திருத்தத்துக்கு முன்னால் இதே குற்றத்துக்கு 2,000 ரூபாயும் டன்னுக்கு ஆயிரமும்தான்.

அபராதம் போட்டதில் எனக்குக் கோபம் இல்லை. நாலு யூனிட் எம் சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்கிற மணல், ஏற்றியது கிரஷர். நாலு யூனிட்டுக்குக் குறைந்தால் வாங்க மாட்டேன் என்றவர் கட்டடக்காரர். நடுவில் கமிஷன் வாங்கியவர் புரோக்கர். இவர்களில் ஒருத்தர் பெயர்கூட அந்தச் சலானில் இல்லை. யூனிட் என்றால் நூறு கன அடி. கழுவின மணல் ஈரத்தோடு வந்தால் நாலு யூனிட் 20 டன்னைத் தொட்டுவிடும், வெறும் வண்டியே 11 டன். மணலுக்கு விலையும் யூனிட்டில், எனக்கு வாடகையும் யூனிட்டில், அபராதம் மட்டும் டன்னில். இதில் எனக்கு என்ன நியாயம் இருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள்.

கிரஷர் கணக்கர்:
சொல்கிறேன். வண்டி உங்களுடையது, ஆர்சி உங்கள் பெயரில். எத்தனை டன் தாங்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? நாளெல்லாம் வண்டிகள் வரிசையில் நிற்கின்றன, ஒவ்வொன்றின் புத்தகத்தையும் வாங்கிப் படித்துக்கொண்டிருக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். “இன்னும் ஒரு பக்கெட் போடுப்பா” என்று லோடர் ஆபரேட்டரிடம் கேட்பது யார்? உங்கள் டிரைவர்தான். சில சமயம் கூடவே வரும் முதலாளியும்தான். நாங்கள் மட்டமாக ஏற்றி அனுப்பினால், “பக்கத்துக் கிரஷரில் கோபுரமாக ஏற்றித் தருகிறார்கள்” என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறீர்கள்.

ரிட்டயர்டு பிரேக் இன்ஸ்பெக்டர்:
சங்ககிரி தம்பி, சலானில் மற்றவர்கள் பெயர் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவு ஓட்டுகிறவரோடு நிற்கவில்லை. ஓட்டச் செய்தவர், ஓட்ட அனுமதித்தவர் எல்லாரும் அதில் வருகிறார்கள். அந்த வார்த்தைகளுக்குள் லோடு கொடுத்தவரையும் கொண்டுவரலாம் என்பது என் கருத்து. ஆனால் 113ஆம் பிரிவில் ஒரு துணைப்பிரிவு இருக்கிறது. ஓட்டுநர் வேறு, உரிமையாளர் வேறு என்றால், உரிமையாளருக்குத் தெரிந்தோ அவர் சொல்லியோதான் இது நடந்தது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம். அந்த ஊகம் உங்கள் தலையில்தான் விழும், கிரஷர்காரர் தலையில் விழாது. அவரைச் சேர்க்க ஆதாரம் வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ரோட்டில் நிற்கிற அதிகாரி கையில் இருப்பது வண்டியும் எடைச் சீட்டும்தான். நான் வேலையில் இருந்த காலத்திலும் அப்படித்தான்.

அபராதம் கட்டினால் வண்டி கிளம்பிவிடலாம் என்பதும் தவறான நினைப்பு. கூடுதல் சரக்கை இறக்காமல் வண்டி நகரக்கூடாது, இறக்குகிற செலவும் உங்களுடையது. 2005இலேயே உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. நடைமுறையில் இறக்கிவைக்க இடமும் இல்லை, ஆளும் இல்லை என்பதால் பல இடங்களில் பணத்தை வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். துறையின் தவறு அது. எடை போட மறுத்தாலோ, எடைக்கு முன்னால் சரக்கைக் கொட்டினாலோ ஓட்டுநருக்கு 40,000 ரூபாய். டிரைவர்களிடம் சொல்லிவையுங்கள்.

மெல்பர்ன் மணி:
நான் இங்கே ஒரு போக்குவரத்துக் கம்பெனியில் டிரிப் அட்டவணை போடுகிற வேலையில் இருக்கிறேன். சங்ககிரி அண்ணன் கேட்பது ஆஸ்திரேலியாவில் சட்டமாகவே இருக்கிறது. இங்கே அதற்குப் பொறுப்புச் சங்கிலி என்று பெயர். மேற்கு ஆஸ்திரேலியாவும் வடக்குப் பிரதேசமும் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் பொருந்தும். சரக்கு அனுப்புகிறவர், வாங்குகிறவர், கட்டுகிறவர், ஏற்றுகிறவர், இறக்குகிறவர், என்னைப்போல நேரம் போட்டுக் கொடுக்கிறவர் என்று எல்லாருக்கும் தனித்தனிக் கடமை. 2018 அக்டோபர் 1 முதல் விபத்தோ ஓவர்லோடோ நடந்த பிறகுதான் என்றில்லை, ஆபத்தைத் தவிர்க்க நியாயமாக முடிந்ததைச் செய்யாமல் விட்டாலே குற்றம். கம்பெனி இயக்குநர்களுக்கும் தனியாகக் கடமை உண்டு.

2020 ஏப்ரலில் மெல்பர்ன் நெடுஞ்சாலையில் ஒரு லாரி மோதி நான்கு போலீஸ்காரர்கள் இறந்தார்கள். ஓட்டுநர் தூக்கமில்லாமலும் போதையிலும் இருந்தார். வழக்கு அவரோடு முடியவில்லை. அவரை வண்டியில் ஏற்றி அனுப்பிய மேற்பார்வையாளர், கம்பெனி என்று மேலே போனது. அதற்குப் பிறகு எங்கள் ஆபீசில் ஒருத்தர் கொட்டாவி விட்டால்கூட யாராவது திரும்பிப் பார்க்கிறார்கள்.

சங்ககிரி டாரஸ்:
தம்பி, இதைத்தான் நானும் கேட்கிறேன். இங்கே ஏன் வரவில்லை?

கிரஷர் கணக்கர்:
வந்தால் வரட்டும். அன்றைக்கு நாங்கள் ஆர்சியில் உள்ளதற்கு மேல் ஒரு கிலோ ஏற்ற மாட்டோம், மூன்று யூனிட்தான். அப்போது வாடகை பற்றவில்லை என்று ஸ்டிரைக் பண்ணுவது யார் என்று பார்ப்போம்.

மெல்பர்ன் மணி:
கணக்கர் சொல்வதில் பாதி நிஜம். இங்கேயும் சின்ன ஓனர்கள் புலம்புகிறார்கள். பெரிய சூப்பர்மார்க்கெட் கம்பெனி தன் பங்குக்குப் பத்துப் பக்கம் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, வாடகையை மட்டும் பழையபடி நெரிக்கிறது. கொள்கை ஆவணங்கள் எல்லாம் கோப்பில் அழகாக இருக்கும், வண்டிக்காரனுக்குத் தூக்கம் இருக்காது. ஆனாலும் எடை விஷயத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. கிடங்கிலேயே சக்கர அச்சுகளின் மேல் விழும் எடையைப் பார்த்துவிடுகிறார்கள், கூடினால் அவர்களே இறக்குகிறார்கள்.

ஸ்டீயரிங்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நான் டிரைவர், நேஷனல் பர்மிட் வண்டி. முதலாளிமார் கிரஷரைப் பற்றிப் புகார் சொல்கிறீர்கள், சரி. எங்களுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று யாரும் பேசவில்லை.

தொப்பூர் கணவாய் எல்லாருக்கும் தெரியும். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்குகிற சரிவு. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே லாரி மோதிக் கோரமான விபத்துகள் நடந்து உயிர்கள் போயின. ஒவ்வொரு தடவையும் போலீஸ் சொல்வது ஒன்றுதான், டிரைவர்கள் நியூட்ரலில் இறங்கக்கூடாது. ஏன் நியூட்ரலில் இறங்குகிறான் என்று யார் கேட்டார்கள்? லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் வந்தே ஆகணும், குறைந்தால் படிக்காசில் பிடிப்பேன், மிச்சம் பிடித்தால் டீசல் காசு உனக்கு என்று சொன்னது முதலாளி. ஓவர்லோடு வண்டியில் மைலேஜ் எப்படி வரும்? மேட்டில் போனதை இறக்கத்தில் பிடிக்கிறான்.

அப்படி இறங்கினால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன், ஓனர்களில் பலர் ஸ்டீயரிங் பிடித்து வருடக்கணக்காகிறது. கியரில் இருந்தால் இன்ஜின் இழுத்துப் பிடிக்கும், எக்ஸாஸ்ட் பிரேக்கும் வேலை செய்யும். நியூட்ரலில் போட்டால் அத்தனை எடையையும் பிரேக் டிரம் ஒன்றே தாங்கணும். டிரம் கொதித்து லைனிங் பிடிப்பு போய்விடும். கால் பெடலில்தான் இருக்கும், வண்டி நிற்காது. இன்ஜினையே அணைத்தவன் கதை இன்னும் மோசம், கம்ப்ரஸர் ஓடாது, மிதிக்க மிதிக்கக் காற்று இறங்கும். 28 டன்னுக்குச் செய்த பிரேக்கில் 31 டன் இறங்குகிறது, அதுவும் நியூட்ரலில். பிறகு எஃப்ஐஆரில் “அஜாக்கிரதையாக ஓட்டியதால்” என்று எழுதுவார்கள்.

சங்ககிரி டாரஸ்:
தம்பி, மைலேஜ் கணக்குப் பார்க்காவிட்டால் டீசலை வழியிலேயே விற்றுவிடுகிற டிரைவர்களும் இருக்கிறார்கள். மாதா மாதம் டியூ கட்டுகிறவன் நான். என் வண்டி தொப்பூர் பக்கம் போவதே இல்லை. ஆனால் மைலேஜ் பார்ப்பதை நிறுத்த முடியாது.

ஸ்டீயரிங்:
டீசல் திருடுகிறவனைப் பிடிக்க ஜிபிஎஸ் இருக்கிறது, டேங்க் சென்சார் இருக்கிறது. அதற்குச் செலவு பண்ண மனசில்லை, படியில் பிடிப்பது சுலபம். கிரஷர்காரர் உங்களிடம் சொல்வதும் நீங்கள் எங்களிடம் சொல்வதும் எனக்கு ஒன்றாகத்தான் கேட்கிறது அண்ணா. “வண்டி உன்னுடையது, நீ பார்த்துக்கொள்.” “ஸ்டீயரிங் உன் கையில், நீ பார்த்துக்கொள்.”

தூக்கத்தைப் பற்றியும் சொல்லணும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று 1961ஆம் வருடச் சட்டத்திலேயே போட்டார்கள். எந்த லாரி டிரைவர் அதைப் பார்த்திருக்கிறான்? நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேணும் என்று ஒரு விதி இருந்தது, அதையும் 2018இல் எடுத்துவிட்டார்கள். அதற்கு எந்த ஓனரும் எதிர்ப்புக் காட்டியதாக என் காதில் விழவில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று வந்ததே, அது ஒன்றுதான் எங்களை நினைத்துப் போட்டது.

ரிட்டயர்டு பிரேக் இன்ஸ்பெக்டர்:
டிரைவர் தம்பி சொல்வது சட்டப்படியும் சரி. ஓய்வு நேரத்தை உறுதிசெய்வது முதலாளியின் கடமை. ஓவர்லோடுக்கு மேடை இருக்கிறது, தூக்கத்துக்கு மேடை இல்லை. அதனால்தான் அதில் யாரும் பிடிபடுவதில்லை.

ஓனர்களுக்கு இன்னொரு கணக்கு. ஆள் இறந்த விபத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று இருக்காதீர்கள். லைசன்ஸ் சரியில்லாத ஆள் ஓட்டியிருந்தால், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு அதை உங்களிடம் வசூலிக்கலாம் என்று 2004இலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, அதுவும் நீங்கள் சரிபார்க்காமல் வண்டியைக் கொடுத்திருந்தால். எஃப்சியும், அதாவது வண்டியின் தகுதிச் சான்றும், அப்படித்தான் கவனிக்க வேண்டியது. வண்டிக்கு எட்டு வருடம் ஆகும்வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம். எஃப்சி அன்றைக்கு மட்டும் நல்ல டயரை வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாலையில் பழைய டயர் திரும்ப ஏறிவிடும்.

கிரஷர் கணக்கர்:
சரி, என்னை என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்? நடைச்சீட்டு போடுகிறோம், அளவு எழுதுகிறோம், வண்டி நம்பர் எழுதுகிறோம்.

ரிட்டயர்டு பிரேக் இன்ஸ்பெக்டர்:
அந்தச் சீட்டுதான் ஐயா ஆதாரம். நாலு யூனிட் என்று உங்கள் கையால் எழுதி, வண்டி நம்பரும் போட்டிருக்கிறீர்கள். பத்துச் சக்கர வண்டி நாலு யூனிட் ஈர மணலைத் தாங்காது என்பது உங்கள் தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரியும். “ஓட்டச் செய்தவர்” என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? சங்ககிரி தம்பி அடுத்த தடவை மாட்டினால், மாட்டாமல் இருக்கப் பாருங்கள், மாட்டினால் அந்தச் சீட்டின் நகலைச் சோதனை அறிக்கையோடு சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். சேர்ப்பார்களா என்று உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் கேட்டு நான் பார்த்ததில்லை, ஏனென்றால் அந்தக் கிரஷரில் மறுநாள் உங்களுக்கு லோடு கிடைக்காது.

சங்ககிரி டாரஸ்:
அதுதான் சார் பிரச்சினை. தனி ஆளாக எழுதிக்கொடுத்தால் என் இரண்டு வண்டியும் பட்டியில் நிற்கும். சங்கத்தில் பேசி, எங்கள் பக்கத்து வண்டிகள் எல்லாம் எடைச் சீட்டு இல்லாமல் கிரஷரை விட்டு வெளியே வருவதில்லை என்று முடிவெடுத்தால்தான் நடக்கும். கணக்கர் ஐயா, உங்கள் இடத்தில் எடை மேடை இருக்கிறதா?

கிரஷர் கணக்கர்:
இருக்கிறது. வெயிட் போட்டால் வரிசை நீளும், ஒரு வண்டிக்குப் பத்து நிமிடம் போகும். அந்தப் பத்து நிமிடத்துக்கு நீங்களே முதலில் ஹாரன் அடிப்பீர்கள்.

ஸ்டீயரிங்:
நாங்கள் அடிக்க மாட்டோம். பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொள்வோம். அண்ணா, சங்கத்தில் பேசும்போது மைலேஜ் விஷயத்தையும் சேர்த்துப் பேசுங்கள்.

சங்ககிரி டாரஸ்:
எடைச் சீட்டைப் பேசுகிறேன். மைலேஜ் வேறு விஷயம் தம்பி.