கடலிலேயே வழிமறிக்கும் உரிமை ஒரு நாட்டுக்கு எதுவரை உண்டு?

நெய்தல் கேட்டது:
2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து 157 இலங்கைத் தமிழர்களுடன் புறப்பட்ட படகை, இந்தியப் பெருங்கடலில் தனக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவுக்கு அருகே வழிமறித்த ஆஸ்திரேலியா, குழந்தைகள் உட்பட அனைவரையும் ஏறத்தாழ ஒரு மாதம் சுங்கக் கப்பலிலேயே அடைத்து வைத்து, பின்னர் பசிபிக் தீவு நாடான நவூருவில் இருந்த தன் தடுப்பு முகாமுக்கு அனுப்பியது. கப்பலில் அடைத்து வைத்தது சட்டப்படி செல்லும் என்று அந்நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் 2015 ஜனவரியில் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. யாரை உள்ளே விடுவது என்று முடிவெடுக்கும் உரிமை ஒரு நாட்டுக்கு உண்டு என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அந்த உரிமையின் எல்லை எங்கே முடிகிறது?

மணற்கரை:
படகுகளைத் தடுத்ததை நான் ஆதரிக்கிறேன், வெறுப்பினால் அல்ல. 2008க்குப் பின் வந்த ஐந்தாண்டுகளில் ஆஸ்திரேலியாவை நோக்கிய கடல்வழியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2010 டிசம்பரில் கிறிஸ்துமஸ் தீவின் பாறைகளில் மோதி ஒரு படகு சிதறியபோது, கரையில் நின்ற மக்கள் உயிர்காப்பு அங்கிகளை வீசியும் ஏறத்தாழ ஐம்பது பேரைக் காப்பாற்ற முடியவில்லை. 2013 செப்டம்பரில் படகுகளைத் திருப்பியனுப்பத் தொடங்கிய பிறகு வருகை ஏறக்குறைய நின்றது. மேலும், தரகருக்குப் பணம் கொடுக்க முடிந்தவர் முந்திக்கொள்ள, வழியற்றவர் ஆப்பிரிக்க முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடப்பதும் நீதியன்று.

தேன்மொழி:
ஐயா, அந்த மரணங்களை யாராலும் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் உயிர்காப்பதே நோக்கமென்றால், கடலிலிருந்து மீட்டவர்களைப் பின்னர் எப்படி நடத்தினார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்த 157 பேரும் ஆண்கள் தனியாகவும் குடும்பங்கள் தனியாகவும் பிரிக்கப்பட்டு, ஜன்னலற்ற அறைகளில் நாளின் பெரும்பகுதி பூட்டப்பட்டிருந்தார்கள். படகில் வந்தவர்களை ஆஸ்திரேலியா அனுப்பிய இன்னொரு இடமான பப்புவா நியூ கினியின் மானுஸ் தீவில் அடைத்து வைத்தது அரசியலமைப்புக்கு முரணானது என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமே 2016இல் கூறியது. இனி வரக்கூடியவர்கள் அஞ்ச வேண்டும் என்பதற்காக, ஏற்கெனவே வந்துவிட்டவரின் துன்பத்தை எச்சரிக்கைப் பலகையாக நட்டு வைப்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? புகலிடம் தேடி அனுமதியின்றி நுழைந்தவரைத் தண்டிக்கக் கூடாது என்று சொல்லும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் ஆஸ்திரேலியா தானே விரும்பிச் சேர்ந்த நாடு.

வரிசை பற்றிய உங்கள் வாதமும் அங்கேதான் உடைகிறது. முறையாகக் காத்திருங்கள் என்று சொன்ன அதே அரசு, 2014 ஜூலை 1 முதல் இந்தோனேசியாவில் ஐ.நா. அகதிகள் அமைப்பிடம் பதிவு செய்தவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் இடமில்லை என்று அவ்வாண்டு நவம்பரில் அறிவித்தது. கடல்வழியை அடைப்பவர்கள் நேர்வழியை அகலப்படுத்தியிருந்தால் அந்த வாதத்துக்கு மதிப்பிருந்திருக்கும். அவர்கள் இரண்டையும் அடைத்தார்கள்.

மண்டபம்வாசி:
அந்தப் படகு புதுச்சேரியிலிருந்து ஏன் கிளம்பியது என்பதையும் பேசுங்கள். இந்தியா 1951 ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. 1987 ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால், இம்மண்ணில் பிறந்தாலும் குடியுரிமை கிடையாது. ஆகவே தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து, இங்கேயே படித்து, வேறு ஊரே அறியாத பிள்ளைகளும் அகதிகளாகவே வளர்கிறார்கள். 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளைத்தான் சொன்னது, இலங்கையைச் சேர்க்கவில்லை. ஆஸ்திரேலியாவிடம் கேட்கும் கேள்வியை டெல்லியிடமும் நாம் அதே குரலில் கேட்டாக வேண்டும்.

மணற்கரை:
இந்தோனேசியா பற்றிய அறிவிப்புக்கு என்னிடம் மறுப்பில்லை. அதை நியாயப்படுத்தவும் மாட்டேன். ஆனால் நவூருவை மூடிவிட்டுப் படகுகளையும் அனுமதித்தால், மீண்டும் மூழ்கப்போகிறவர்களுக்கு யார் பொறுப்பு என்பதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.