கார்க் ஓக் விதைப்பு: கன்றுகள் கோடையைத் தாண்டுவதில்லை, என்ன செய்யலாம்?

நெய்தல்:
வணக்கம். போர்ச்சுகலின் அலென்தேஜோ பகுதியில் ஒரு இயற்கைப் பாதுகாப்புக் குழு, கார்க் ஓக் (பட்டையிலிருந்து பாட்டில் தக்கை கிடைக்கும் மரம்) குளிர்கால விதைப்புக்குத் தன்னார்வலர்களைக் கூப்பிடுகிறது. முன்பு நட்ட நாற்றுகளில் பெரும்பகுதி ஆகஸ்டுக்குள் காய்ந்துவிட்டதாம். நாற்று நடுவதா, கொட்டையையே விதைப்பதா? பட்டை உரிப்பதை நிறுத்தச் சொல்லிக் குழு குரல் கொடுக்க வேண்டாமா? ஸ்பெயின், போர்ச்சுகலில் வாழும் காட்டுப்பூனையான ஐபீரிய லின்க்ஸுக்கு இதனால் நன்மை உண்டா?

வேரடி:
கொட்டைதான் என் தேர்வு. கார்க் ஓக் முளைத்ததும் முதலில் ஆணிவேரைத்தான் கீழே இறக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை மிகக் குறைவான ஊரில் கன்றைக் காப்பாற்றுவது அந்த வேர்தான். ஆழமில்லாத பையில் வளர்ந்த நாற்றுக்கு வேர் சுருண்டுபோயிருக்கும்; நட்ட பிறகும் நேராகாது.

அக்டோபர் முதல் உதிரும் கொட்டைகளை உடனுக்குடன் பொறுக்கித் தண்ணீரில் போடுங்கள். மிதப்பவற்றைத் தள்ளிவிடுங்கள், அவை பூச்சி அரித்தவை அல்லது உலர்ந்தவை. இந்த விதை காய்ந்தால் செத்துவிடும், அதனால் வெயிலில் பரப்பவே கூடாது. குழிக்கு 2 அல்லது 3 கொட்டை, படுக்கை வாக்கில், 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில். மேலாகப் போட்டால் எலியும் காட்டுப்பன்றியும் கிளறித் தின்றுவிடும். சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லை அகற்றுங்கள். வசந்தத்தில் மண்ணிலுள்ள ஈரத்தைப் புல்தான் முதலில் குடிக்கிறது. செம்மறி மேயும் இடத்தில் 1.2 மீட்டர் காப்புக்குழாய் போதும். மாடு மேய்ந்தால் அதைச் சாய்த்துவிடும், உயரமான கம்பிக்கூண்டு வேண்டும்.

மரப்பட்டை:
உரிப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள். பட்டையில் வருமானம் இருப்பதால்தான் நில உரிமையாளர் அந்தக் காட்டை வைத்திருக்கிறார். போர்ச்சுகலில் அனுமதியின்றிக் கார்க் ஓக்கை வெட்ட முடியாது. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரச் சுற்றளவு 70 செ.மீ. எட்டினால்தான் முதல் உரிப்பு. பிறகு குறைந்தது 9 வருட இடைவெளி. உரித்த வருடத்தின் கடைசி எண்ணை மரத்தில் எழுதியிருப்பார்கள், தன்னார்வலர்கள் அதைப் பார்த்தே சரிபார்க்கலாம். கோடாரி ஆழமாக இறங்கி உள்தோல் கிழிந்த இடத்தில் பட்டை மறுபடி வளராது. பூஞ்சை நுழையவும் வழியாகிவிடும். குழு கண்காணிக்க வேண்டியது இதைத்தான்.

முயல்வளை:
லின்க்ஸ் என்றால் முதலில் முயல். வளர்ந்த பூனைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு முயல் வேண்டும். 2002 வாக்கில் வளர்ந்தவை நூறுகூட இல்லாத இந்த இனம், 2023 கணக்கெடுப்பில் குட்டிகளையும் சேர்த்து 2,000-ஐத் தாண்டியது. 2024-இல், உயிரினங்களின் அழிவு ஆபத்தை மதிப்பிடும் ஐயூசிஎன் அமைப்பின் பட்டியலில் ஒரு படி பாதுகாப்பான நிலைக்கு வந்தது. வாழிடம், முயல், கூண்டில் பிறந்தவற்றைக் காட்டில் விடுவது என எல்லாம் சேர்ந்து தந்த பலன் இது.

மரத்தடி முழுவதையும் சுத்தமாக்கினால் முயல் ஒளிய இடமில்லை. தீத்தடுப்புக்காகப் புதரைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, நடுவே திட்டுகளை விட்டுவையுங்கள். செயற்கை வளைக்கு மரப்பலகை, கிளை, கல் அடுக்கி மண் மூடலாம். வாசல் பல வேண்டும், தண்ணீர் தேங்காத சரிவாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து முயல் கொண்டுவந்தால், தென்மேற்கு ஐபீரியாவின் அல்கிரஸ் துணையினமா என்று கேளுங்கள். வடகிழக்கு முயலைக் கலந்துவிடக் கூடாது.

நெய்தல்:
மிக்க நன்றி. புதரை டிராக்டரில் உழுதே அகற்றலாம், வேகமாக முடியும் என்கிறார் உரிமையாளர். சம்மதிக்கலாமா?

வேரடி:
கட்டாயம் வேண்டாம். சட்டிக்கலப்பை மேல்வேர்களை அறுக்கும், தானாக முளைத்த கன்றுகளையும் சேர்த்து அழிக்கும். ஃபைட்டாஃப்தோரா சின்னமோமி என்ற வேரழுகல் கிருமியும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு அடுத்த வயலுக்குப் போய்ச் சேரும். பிரஷ் கட்டரால் (புதர் வெட்டும் கைக்கருவி) மேலாக வெட்டச் சொல்லுங்கள். இடம் மாறும்போது பூட்ஸ், மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைத் தேய்த்து எடுத்துவிட்டு, 70% ஆல்கஹால் தெளியுங்கள். மண்ணோடு தெளித்தால் மருந்து உள்ளே இறங்காது.