ரத்து கேட்டவர்கள் 11, போர்டு பட்டியலில் 9, வங்கியில் 8: கணக்கு எங்கே உதைக்கிறது?

தேர்வுப்பிரிவு எழுத்தர்:
வணக்கம். பள்ளியில் தேர்வுக் கட்டணம் வாங்குவது, தேர்வு வாரியத்தின் (போர்டு) தளத்தில் மாணவர்களைப் பதிவது இரண்டும் என் வேலை. இந்த முறை 11 பேர் பதிவை ரத்து செய்யக் கடிதம் கொடுத்தார்கள். எக்செல்லில் அந்த 11 வரிகளையும் அழித்துவிட்டேன், பணமும் திருப்பியாயிற்று. இப்போது போர்டின் விலகியோர் பட்டியலில் 9 பேர்தான். வங்கி ஸ்டேட்மென்டில் 8 பேருக்குத்தான் பணம் போயிருக்கிறது. நாலு நாளில் ஆடிட். எங்கிருந்து தொடங்குவது?

கணக்குப்பிள்ளை:
வரியை அழித்தீர்கள் பாருங்கள், அங்கேதான் வினை. வாங்கிய பணத்துக்கான பதிவு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். திருப்பியது தனி வவுச்சர், மைனஸ் தொகையாகத் தனி வரி. ஃபைல் ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ இருந்தால் வெர்ஷன் ஹிஸ்டரியில் பழைய பிரதி கிடைக்கும், முதலில் அதை எடுங்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் மூன்று தேதி எழுதுங்கள்: கடிதம் வந்தது, போர்டில் ரத்தானது, பணம் போனது. நாம் இதை ஒரே தேதி என்று நினைத்துத்தான் மாட்டிக்கொள்கிறோம்.

ஆன்லைன் வசூல்காரன்:
வங்கியில் காணாத 3 பேரும் பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் நமக்காகப் பணம் வாங்கித் தரும் நிறுவனம்) வழியாகக் கட்டியவர்களா என்று பாருங்கள் சார். அந்த ரீஃபண்ட் பல நேரம் தனிப் பற்றாக வராது. அன்றைய வசூலில் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் வங்கிக்கு அனுப்புவார்கள். கழித்த கணக்கைக் காட்டும் அவர்களுடைய செட்டில்மென்ட் ரிப்போர்ட்டைத் திறந்தால் தெரிந்துவிடும்.

பழைய ஒருங்கிணைப்பாளர்:
பணம் எங்கும் ஓடாது, போர்டில் குறையும் 2 பேரை இன்றே பாருங்கள். நான் பார்த்தவரை காரணம் இரண்டில் ஒன்று. ஒரு தாளை மட்டும் விட்டவரை முழுதாக விலகியவர் என்று நாம் எழுதியிருப்போம். அல்லது ரத்தைச் சேமித்துவிட்டு ‘சமர்ப்பி’ அழுத்தாமல் வந்திருப்போம். இரண்டாவதை நானே செய்து திட்டு வாங்கியிருக்கிறேன்.

தேர்வுப்பிரிவு எழுத்தர்:
பழைய பிரதி கிடைத்தது. அந்த 3 பேரும் கேட்வேதான், ரிப்போர்ட்டில் இருக்கிறார்கள். போர்டு விஷயத்தில் நீங்கள் சொன்ன இரண்டுமே நடந்திருக்கிறது! ஒருவர் கணிதம் மட்டும் வேண்டாம் என்றவர், இன்னும் இரண்டு தாள் எழுதுகிறார். போர்டில் சரியாகத்தான் இருக்கிறது. நான் முழு வரியை அழித்ததால் எங்கள் அறை ஒதுக்கீட்டில் அவர் பெயரே இல்லை. மூன்று தாளுக்கும் பணம் வேறு கொடுத்துவிட்டேன். இன்னொருவருடைய ரத்து சமர்ப்பிக்காமல் டிராஃப்டாகவே கிடக்கிறது. ரத்துக்கான கெடு முந்தாநாளே முடிந்துவிட்டது.

பழைய ஒருங்கிணைப்பாளர்:
முதலாமவரை உடனே அறைப் பட்டியலில் சேருங்கள், இரண்டு தாள் கட்டணத்தை வீட்டில் பேசி வாங்கிக்கொள்ளலாம். டிராஃப்டில் இருப்பவர் கதை வேறு. கெடுவுக்கு முன் சமர்ப்பிக்காததால் போர்டுக்கு அவர் இன்னும் தேர்வர்தான். வராவிட்டால் ‘ஆப்சென்ட்’ என்று பதிவாகும், கட்டணமும் பள்ளியின் தலையில் விழும். கடிதத்தின் நகலை இணைத்து, தாமத ரத்துக்கு வழி உண்டா என்று போர்டுக்கு இன்றே மின்னஞ்சல் போடுங்கள், தலைமையாசிரியருக்கும் ஒரு நகல். பெற்றோரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். அவர்கள் கடிதம் கெடுவுக்கு முன்பே வந்திருக்கிறதே.

கணக்குப்பிள்ளை:
அடுத்த முறை ஷீட்டில் ஒரு மாணவருக்கு ஒரு வரி வேண்டாம், ஒரு தாளுக்கு ஒரு வரி வையுங்கள். போர்டின் ஒப்புகை கைக்கு வந்த பிறகே ரீஃபண்ட்.

தேர்வுப்பிரிவு எழுத்தர்:
மின்னஞ்சல் போட்டாயிற்று. அறைப் பட்டியலும் திருத்தியாயிற்று. தலைமையாசிரியரிடம் சொல்லத்தான் இப்போது போகிறேன்.