உதவி தேவை: நவம்பரில் ஸ்பிதி பயணம், கிக்கர் இல்லாத வண்டிக்கு எந்த பேட்டரி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நவம்பர் முதல் வாரத்தில் இமாச்சலப் பிரதேசத்தின் கின்னோர் வழியாக, ஸ்பிதி பள்ளத்தாக்கில் உள்ள காசா என்ற ஊருக்குச் சென்று, அங்கிருந்து கிப்பர், லாங்சா, கோமிக் ஊர்களின் கரடுமுரடான பாதைகளில் ஐந்து நாள் வண்டி ஓட்டத் திட்டமிட்டுள்ளேன். என்னுடையது 411 சிசி ஒற்றை சிலிண்டர் எஃப்.ஐ. (மின்னணு முறையில் எரிபொருள் தெளிக்கும்) வண்டி. கிக்கர் கிடையாது, செல்ஃப் மட்டும்தான். அதில் உள்ள 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு மூன்று வயது ஆகிறது.

கடந்த ஜனவரியில் உதகையை அடுத்த தலைக்குந்தாவில் தங்கியிருந்தபோது, உறைபனி படர்ந்த ஒரு காலையில் வண்டி கிளம்ப மறுத்துவிட்டது. பொத்தானை அழுத்தியதும் இருக்கைக்கு அடியில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) 'டக் டக்' என்று அடித்ததே தவிர என்ஜின் சுற்றவில்லை. மீட்டரும் அணைந்து அணைந்து எரிந்தது. ஒன்பது மணிக்கு வெயில் ஏறிய பிறகு, எதுவுமே நடக்காததுபோல ஒரே அழுத்தில் எடுத்துக்கொண்டது. உதகையிலேயே இப்படியென்றால், 3,600 மீட்டருக்கு மேலே இருக்கும் காசாவை நினைத்து அஞ்சுகிறேன். கடைக்காரர் லித்தியம் பேட்டரியைப் பரிந்துரைக்கிறார். எடை இரண்டு கிலோ குறையும் என்பது உண்மைதான். குளிரில் அதை நம்பலாமா?

மறுமொழி 1

தம்பி, நான் இருபது ஆண்டுகளாக வாகன மின்வேலை செய்பவன். ஸ்பிதிக்கு இருமுறை சென்று வந்திருக்கிறேன். புதிய பேட்டரி வாங்குவதற்கு முன் பழையதைச் சோதித்துவிடுங்கள், ஏனெனில் குறை வண்டியில் இருந்தால் புதியதும் அதே கதிக்கு ஆளாகும். இரவு முழுவதும் நின்ற வண்டியில், சாவி போடாமல், மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12.7 வோல்ட்டுக்கு அருகில் இருந்தால் நல்லது, 12.4 என்றால் கால் பங்கு இறங்கிவிட்டது என்று பொருள். அதைவிட முக்கியம், செல்ஃப் அடிக்கும் நொடியில் அது எதுவரை விழுகிறது என்பது. 9.6-க்குக் கீழே போனால் என்ஜின் சுற்றுவதற்குள் இ.சி.யூ. எனப்படும் என்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி தடுமாறிவிடும். உங்கள் மீட்டர் அணைந்து எரிந்ததைப் பார்த்தால் அதுதான் நடந்திருக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 13.8 முதல் 14.5 வரை காட்டவில்லையென்றால், பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைத்தான் பார்க்க வேண்டும்.

தேர்வைப் பொறுத்தவரை, கண்ணாடியிழைப் பாய்க்குள் அமிலத்தை உறிஞ்சி வைத்திருக்கும் ஏ.ஜி.எம். வகையையே சொல்வேன். அதன் தகடுகள் இறுக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் கல்பாதை அதிர்வைத் தாங்கும். வண்டி சாய்ந்து விழுந்தாலும் அமிலம் ஒழுகாது. ஆம்பியர்-மணியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், சி.சி.ஏ. என்ற எண்ணையும் பாருங்கள். மைனஸ் 18 டிகிரியில், 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் 30 நொடிகளுக்கு எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பதைச் சொல்லும் எண் அது. உங்கள் வண்டியின் பெட்டிக்குள் அடங்கி, டெர்மினல்கள் அதே பக்கம் அமைந்த பேட்டரிகளில் அந்த எண் மிகுந்ததை எடுங்கள். தயாரிப்புத் தேதியையும் கேளுங்கள்.

மறுமொழி 2

நான் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன், அதை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் அனுபவம். குளிர்ந்த காலையில் முதல் அழுத்தில் சோர்வாகத்தான் இருக்கும். முகப்பு விளக்கை ஓரிரு நிமிடம் எரியவிட்டால், மின்சாரம் ஓடும் சூட்டில் பேட்டரியே தன்னை வெதுவெதுப்பாக்கிக்கொண்டு, இரண்டாம் மூன்றாம் முயற்சியில் எடுத்துவிடும். பல மாதம் நிறுத்தி வைத்தாலும் சார்ஜ் அதிகம் இறங்குவதில்லை.

மறுமொழி 1

நண்பர் சொல்லும் உத்தி சரியானதே. ஆனால் இரண்டு விஷயங்கள் என்னைத் தயங்க வைக்கின்றன. '8 ஆம்பியர்-மணிக்கு இணை' என்று அச்சிட்டு விற்கப்படும் லித்தியம் பேட்டரிகள் பலவற்றில் உண்மைக் கொள்ளளவு 3 ஆம்பியர்-மணியை ஒட்டித்தான் இருக்கும். ஒரு காலை பலமுறை முயன்று தோற்றால் மிச்சம் எதுவும் இராது. மேலும், பூஜ்ய டிகிரிக்குக் கீழே இருக்கும் லித்தியம் செல்லுக்குள் சார்ஜ் ஏற்றினால், லித்தியம் எதிர்மின்வாயில் உலோகமாகப் படிந்து, இழந்த கொள்ளளவு திரும்ப வராது. கிக்கர் உள்ள வண்டியென்றால் நான் இவ்வளவு வாதிட மாட்டேன்.

ஈய பேட்டரிக்கும் குளிரில் வலு குறையும் என்பதை மறைக்கவில்லை. மைனஸ் 18-இல் ஏறத்தாழ பாதிதான் கிடைக்கும். முழு சார்ஜில் இருக்கும் அமிலம் ஸ்பிதிக் குளிரில் உறையாது. நன்றாக இறங்கிய பேட்டரியிலோ அமிலம் நீர்த்துப்போய், மைனஸ் பத்தை ஒட்டியே உறைந்து தகடுகளைக் கெடுத்துவிடும். ஆகவே அங்கு தங்கும் இரவுகளில் பேட்டரியைக் கழற்றி அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள்; மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். உங்கள் வண்டியின் கையேடு அனுமதிக்கும் ஆயில்களில் குளிருக்கு இளகியதை ஊற்றுவதும் செல்ஃபின் சுமையைக் குறைக்கும்.

கேள்வி கேட்டவர்

ஐயா, மிக்க நன்றி. நேற்றுக் காலை அளந்தேன். நின்ற நிலையில் 12.3, செல்ஃப் அடிக்கையில் 9.1, ஓட்டத்தில் 14.2. சார்ஜ் ஏறுவதில் குறையில்லை என்பதால், சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் கம்பிக்கும் பேட்டரிக்கும் இடையே மீட்டரைத் தொடராக இணைத்துப் பார்த்தேன். 38 மில்லி ஆம்பியர் காட்டியது. ஹேண்டில்பாரில் நான் பொருத்திய யு.எஸ்.பி. சார்ஜரின் இணைப்பைப் பிடுங்கியதும் அது 2 ஆகக் குறைந்தது. அந்தச் சார்ஜர் சாவி வழியாக அல்லாமல் நேராக பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கிறது.

மறுமொழி 1

அப்படியானால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.9 ஆம்பியர்-மணி வீணாகியிருக்கிறது. ஐந்து நாள் ஓட்டாமல் நிறுத்தினால் பாதி பேட்டரிக்கு மேல் காலி. சாவி போட்டால் மட்டும் மின்சாரம் போகும்படி சார்ஜரின் இணைப்பை ஒரு ரிலே வழியாக மாற்றுங்கள். இத்தனை முறை இறங்கி ஏறிய பழைய பேட்டரி தேறாது, புதிய ஏ.ஜி.எம். வாங்கி, மாட்டுவதற்கு முன் 0.8 ஆம்பியரில் நிதானமாக முழு சார்ஜ் ஏற்றுங்கள். டெர்மினல் திருகுகளை நாள்தோறும் மாலையில் விரலால் அசைத்துப் பாருங்கள். கல்பாதையில் அவை தளரும்.

கேள்வி கேட்டவர்

ரிலே மாட்டியாகிவிட்டது, கசிவு இப்போது 2 மில்லி ஆம்பியர்தான். புதிய பேட்டரியையும் வாங்கி, பத்து மணி நேரம் சார்ஜ் ஏற்றினேன். இன்று காலை செல்ஃப் அடிக்கையில் 10.9-க்குக் கீழே இறங்கவில்லை. புறப்படுவதற்கு முன் தலைக்குந்தாவில் ஓரிரவு நிறுத்திப் பார்த்துவிட்டு, அந்த அளவையும் இங்கே பதிகிறேன்.